லினக்ஸ் சர்வரில் மர்ம ஃபைல்: அழிப்பதற்கு முன் செய்ய வேண்டியவை, வரிசைப்படி

சென்னை மண்ணடியில் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸ், ஆண்டர்சன் தெருவில் அச்சகம், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக் கடை. இப்படிப்பட்ட இடங்களில் ஒரு பழைய டெஸ்க்டாப்பில் உபுண்டுவோ டெபியனோ போட்டு, சம்பா என்ற ஃபைல் பகிரும் மென்பொருள் வழியாக எல்லோருக்கும் ஃபைல் சர்வராக விட்டிருப்பார்கள். ஒரு நாள் அதில் யாரும் வைக்காத ஒரு ஃபைல் தெரியும். பெயர் புரியாது, திறக்காது, சில சமயம் அழியவும் அழியாது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்கள் உடனே அழிக்கும் கட்டளையான 'ஆர்எம்' அடிக்கிறார்கள், இல்லையென்றால் மெஷினை ரீபூட் செய்கிறார்கள். இரண்டுமே தடயத்தைக் கலைத்துவிடும். என்ன வகை, உள்ளே என்ன, யார் பிடித்திருக்கிறார், யார் வைத்தார், பிறகு ஒதுக்குவது, கடைசியில் அழிப்பது என்ற வரிசையில் போனால் பெரும்பாலான மர்மம் அரை மணி நேரத்தில் தெளிந்துவிடும்.

1. தொடங்கும் முன்

கட்டளைகளை இங்கே உச்சரிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறது. டெர்மினலில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள். பெரிய எழுத்து வேண்டிய இடத்தில் தனியாகச் சொல்லியிருக்கிறது.

'ஃபைல்', 'எல்எஸ்ஓஎஃப்', 'ஃபியூசர்' மூன்றும் மெஷினில் இருக்கின்றனவா என்று முன்கூட்டியே பாருங்கள். குறைந்தபட்ச டெபியன் நிறுவலில் இவை இருக்காமல் போகலாம். டிஸ்க் நிரம்பிய பிறகு நிறுவப் போனால், நிறுவும் கட்டளையான 'ஏபிடி' இடமில்லை என்று சொல்லிவிடும்.

சாதாரண யூசராகவே ஆரம்பியுங்கள், ரூட்டாக (முழு அதிகாரமுள்ள கணக்கு) வேண்டாம். 'பெர்மிஷன் டினைட்' என்று வந்தால் அதுவே ஒரு துப்பு. ரூட்டாக நுழைந்தால் அந்தத் துப்பு கிடைக்காது, ஒரு எழுத்துப் பிழைக்கும் விலை அதிகம்.

ஒரு தாளும் பேனாவும் எடுத்து வையுங்கள். ஃபைலின் பாதை, ஐநோட் எண் (ஃபைலுக்கு ஃபைல் சிஸ்டம் தரும் அடையாள எண்), பார்த்த நேரம் மூன்றையும் குறிக்க வேண்டும். பெயர் ஏமாற்றும். ஒரே ஃபைல் சிஸ்டத்துக்குள் ஐநோட் எண் ஏமாற்றாது.

ரீபூட் வேண்டவே வேண்டாம். பல லினக்ஸ் வகைகளில் ரீபூட்டில் தற்காலிக ஃபோல்டரான '/டிஎம்பி' காலியாகிவிடும், ஃபைலை எழுதிக்கொண்டிருந்த ப்ராசஸும் (ஓடிக்கொண்டிருக்கும் ப்ரோக்ராம்) போய்விடும். பிறகு யாரைக் கேட்பது?

2. முதல் எழுத்தைப் படியுங்கள்

அந்த ஃபோல்டருக்குள் போய் 'எல்எஸ் -எல்ஏஐ' அடியுங்கள். வரியின் முதலில் வரும் எண்தான் ஐநோட். குறித்துக்கொள்ளுங்கள். அடுத்து வரும் பத்து எழுத்துத் தொகுதியின் முதல் எழுத்துதான் வகையைச் சொல்கிறது.

வெறும் கோடு என்றால் சாதாரண ஃபைல், 'டி' (டைரக்டரியின் முதல் எழுத்து) என்றால் ஃபோல்டர், 'எல்' என்றால் சுட்டு இணைப்பு, அதாவது வேறொரு ஃபைலைச் சுட்டும் பெயர். சுட்டு இணைப்பில் அம்புக்குறி காட்டும் இடத்தைத்தான் ஆராய வேண்டும், இணைப்பை அல்ல. 'பி' (பைப்பின் முதல் எழுத்து) என்றால் பைப், ஒரு ப்ராசஸ் இன்னொன்றுக்குத் தகவல் அனுப்பும் வழி. அதை 'கேட்' (உள்ளடக்கத்தைத் திரையில் காட்டும் கட்டளை) போட்டால் டெர்மினல் அப்படியே நிற்கும். அது தொங்கவில்லை, மறுமுனையிலிருந்து யாராவது எழுதுவார்களா என்று காத்திருக்கிறது. கன்ட்ரோல்-சி போதும்.

'எஸ்' என்றால் சாக்கெட், ப்ரோக்ராம்கள் ஒன்றோடொன்று பேசும் முனை. அளவு பூஜ்யம் காட்டும், அதனால் வெற்று ஃபைல் என்று நினைத்து அழித்துவிடுவார்கள். மைஎஸ்க்யூஎல்லின் சாக்கெட்டை அப்படி அழித்தால் அதன் வழியாகப் பேசும் பில்லிங் சாஃப்ட்வேர் அந்த நொடியே டேட்டாபேஸோடு தொடர்பு இழக்கும். டேட்டாபேஸை ரீஸ்டார்ட் செய்தால்தான் சாக்கெட் திரும்ப வரும்.

அனுமதி எழுத்துகளுக்கு அடுத்த எண்ணையும் பாருங்கள். சாதாரண ஃபைலுக்கு அது 2 அல்லது அதற்கு மேல் இருந்தால் இதே உள்ளடக்கத்துக்கு இன்னொரு இடத்தில் இன்னொரு பெயர் இருக்கிறது. இங்கே அழித்தால் இடம் மிச்சமாகாது. 'ஃபைண்ட்' கட்டளையில் '-சேம்ஃபைல்' கொடுத்து மற்றப் பெயரைத் தேடலாம்.

வரி முழுக்கக் கேள்விக்குறியாக வந்தால் ஃபைலைக் குறை சொல்ல வேண்டாம். அந்த ஃபோல்டரைப் படிக்க அனுமதி உண்டு, உள்ளே நுழைய அனுமதி இல்லை என்று அர்த்தம். அல்லது நெட்வொர்க் மவுண்ட் (வேறு மெஷினின் ஃபோல்டரை இங்கே இணைத்திருப்பது) அறுந்திருக்கிறது.

3. ஸ்டாட்: நேரமும் அளவும்

'ஸ்டாட்' கட்டளைக்கு ஃபைல் பெயரைக் கொடுத்தால் நேரங்கள் வரும். புதியவர்கள் 'மாடிஃபை' நேரத்தை மட்டும் பார்த்துவிட்டு "இது 2019-லேயே இருந்திருக்கு" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஜிப்பை விரித்தாலும், '-பி' (பைப்பின் 'பி') போட்டுக் காப்பி செய்தாலும் பழைய மாடிஃபை நேரம் அப்படியே ஒட்டிக்கொண்டு வரும். 'டச்' கட்டளையாலும் அதை மாற்றலாம்.

'சேஞ்ச்' நேரம் வேறு. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் தன் கடிகாரத்தைப் பார்த்துத் தானே போடுவது அது, 'டச்' அதைத் தான் விரும்பிய தேதிக்கு மாற்ற முடியாது. மாடிஃபை 2019, சேஞ்ச் நேற்று மாலை என்றால் ஃபைல் இந்த இடத்துக்கு நேற்று மாலை வந்திருக்கலாம், அல்லது அப்போது அதன் பெயரோ உரிமையோ மாறியிருக்கலாம். ஃபைல் இங்கே உண்டான 'பர்த்' நேரமும் காட்டினால் இரண்டில் எது என்று பிரித்துவிடலாம்.

'ஆக்சஸ்' நேரத்தை நம்பி யாரையும் குற்றம் சொல்லாதீர்கள். வழக்கமான மவுண்ட் அமைப்பில் ஒவ்வொரு முறை படிக்கும்போதும் அது புதுப்பிக்கப்படுவதில்லை.

1970 அல்லது மதர்போர்டு தயாரான வருடம் மாதிரி சம்பந்தமில்லாத தேதி வந்தால் மெஷினின் கடிகாரத்தை ஓட்டும் சிமாஸ் பேட்டரி செத்திருக்கலாம். கரண்ட் போய் வந்து, நெட் வழியாக நேரம் சரியாவதற்குள் எழுதப்பட்ட ஃபைல் அது. பழைய டெஸ்க்டாப்பில் இது சகஜம்.

அளவிலும் ஒரு பொறி உண்டு. 'எல்எஸ் -எல்எச்' 200 ஜிபி காட்டும், டிஸ்க்கே 120 ஜிபி தான் இருக்கும். 'டியூ -எச்' போட்டுப் பாருங்கள், சில கேபி மட்டும் வரும். நடுவில் எழுதப்படாத வெற்றிடம் உள்ள ஃபைல் இது. '/வார்/லாக்' உள்ளே இருக்கும் 'லாஸ்ட்லாக்' சில மெஷின்களில் இப்படிக் காட்டும். இதை அழித்து இடம் பிடிக்கலாம் என்று பார்த்தால் ஒன்றும் கிடைக்காது.

4. திறக்காமலே உள்ளே பார்ப்பது

டபுள் கிளிக் வேண்டாம், 'கேட்' வேண்டாம். பைனரி ஃபைலை 'கேட்' போட்டால் கட்டுப்பாட்டு எழுத்துகள் டெர்மினலைக் குழப்பி, அடிப்பதெல்லாம் கோலமாக வரும். அப்படி ஆகிவிட்டால் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் 'ரீசெட்' என்று அடித்து என்டர் தட்டுங்கள்.

முதலில் 'ஃபைல்' கட்டளை. பெயரில் உள்ள எக்ஸ்டென்ஷனை அது பொருட்படுத்தாது, உள்ளே தொடக்கத்தில் இருக்கும் பைட்டுகளைப் பார்த்துச் சொல்லும். அதன் பதில் போதாவிட்டால் 'ஹெட் -சி 16' கொடுத்து அதை 'ஓடி -பி' (பைட்டின் 'பி') கட்டளைக்குப் பைப் செய்யுங்கள் (இரண்டுக்கும் நடுவில் '|' குறி). முதல் 16 பைட்டுகள் ஆக்டல் எண்ணாக (0 முதல் 7 வரையான இலக்கங்கள் மட்டும்) வரும்.

இந்த எண்கள் பழகிவிட்டால் கண்ணிலேயே தெரியும். 045 120 104 106 என்றால் பிடிஎஃப். 377 330 377 ஜேபெக். 037 213 ஜிஜிப். 120 113 என்று தொடங்கினால் ஜிப். புதிய வகை எக்செல், வேர்ட் ஃபைல்கள், லிப்ரே ஆபீஸ், ஆண்ட்ராய்டு ஏபிகே எல்லாமே உள்ளுக்குள் ஜிப் என்பதால் அங்கே அவசரப்பட்டு முடிவு செய்யக் கூடாது. முதல் எண் 177 என்றால் லினக்ஸில் ஓடக்கூடிய ப்ரோக்ராமாக இருக்க வாய்ப்பு அதிகம். அது இன்வாய்ஸ் ஃபோல்டரில் இருந்தால் நேரே 9-ஆம் பகுதிக்குப் போங்கள்.

எல்லாம் 000 என்று வந்தால், அல்லது அளவே பூஜ்யம் என்றால், எழுதும் நடுவில் கரண்ட் போனதா, யூபிஎஸ் தாங்கியதா என்று விசாரியுங்கள். பெயர் எழுதப்பட்டுவிடும், உள்ளடக்கம் டிஸ்க்குக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.

அச்சகங்களில் இன்னொன்று நடக்கும். 'ஃபைல்' கட்டளை சாதாரண எழுத்து ஃபைல் என்று சொல்லும், ஆனால் உள்ளே ஆங்கில எழுத்துகள் அர்த்தமில்லாமல் கிடக்கும். வைரஸ் என்று பயந்து அழித்துவிடாதீர்கள். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டிய கல்யாணப் பத்திரிகையாக இருக்கலாம். லிப்ரே ஆபீஸில் திறந்து அந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தால் மணமக்கள் பெயர் வந்து நிற்கும்.

5. யார் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்

'எல்எஸ்ஓஎஃப்' கட்டளைக்குப் பாதையைக் கொடுங்கள், அல்லது 'ஃபியூசர் -வி'. இங்கே 'சூடோ' (ரூட் அதிகாரத்தில் ஓட்டும் கட்டளை) தேவைப்படும், ஏனென்றால் மற்ற யூசர்களின் ப்ராசஸ்கள் திறந்து வைத்திருப்பதைச் சாதாரண யூசரால் முழுமையாகப் பார்க்க முடியாது. ஒன்றுமே வரவில்லை என்றால் இந்த நொடியில் யாரும் பிடிக்கவில்லை என்று மட்டுமே அர்த்தம். ராத்திரி 2 மணிக்கு ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட் பகலில் தெரியாது.

ஃபைலை அழித்த பிறகும், டிஸ்க்கில் மீதியுள்ள இடத்தைக் காட்டும் 'டிஎஃப்' இடம் கூடவில்லை என்று காட்டுவதற்குக் காரணமும் இதுதான். பெயர் போய்விட்டது, ஆனால் ப்ராசஸ் இன்னும் பிடித்திருப்பதால் உள்ளடக்கம் டிஸ்க்கிலேயே இருக்கிறது. 'எல்எஸ்ஓஎஃப் +எல்1' (எல் பெரிய எழுத்து) அப்படிப்பட்டவற்றைக் காட்டும். அந்தச் சர்வீஸை மட்டும் ரீஸ்டார்ட் செய்தால் இடம் திரும்பும்.

வளர்ந்துகொண்டே போகும் லாக் என்றால் அழிக்காமல், உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்யும் 'ட்ரங்கேட் -எஸ் 0' போடுங்கள். ப்ராசஸ் அதே ஃபைலில் தொடர்ந்து எழுதும், இடம் உடனே கிடைக்கும்.

புள்ளியில் தொடங்கி 'என்எஃப்எஸ்' என்று நீளும் ஃபைல், அல்லது புள்ளியோடு 'ஃபியூஸ்_ஹிடன்' என்று தொடங்கும் ஃபைல், அழிக்க அழிக்கப் புதுப் பெயரில் முளைக்கும். திறந்திருக்கும் ஃபைலை யாரோ அழித்ததால் சிஸ்டமே வைத்த மறைபெயர் அது. அதோடு மல்லுக்கட்டாமல், திறந்து வைத்திருக்கும் ப்ராசஸை மூடுங்கள். தானே மறையும். நெட்வொர்க் மவுண்ட் என்றால் அந்த ப்ராசஸ் சர்வரில் இல்லை, மவுண்ட் செய்திருக்கும் மெஷினில் இருக்கிறது.

6. யார் வைத்தது

உரிமையாளர் பெயருக்குப் பதில் 1003 மாதிரி எண் வந்தால், அந்த யூசர் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறது, அல்லது வேறு மெஷினில் கட்டிய டார் ஃபைலை (பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) ரூட்டாக இங்கே விரித்திருக்கிறார்கள். சிஸ்டம் ஃபோல்டரில் இருந்தால் டெபியன் வகையில் 'டிபிகேஜி -எஸ்' (எஸ் பெரிய எழுத்து), ரெட்ஹேட் வகையில் 'ஆர்பிஎம் -க்யூஎஃப்' எந்தப் பேக்கேஜின் ஃபைல் என்று சொல்லும். பேக்கேஜுக்குச் சொந்தமானதில் கை வைக்காதீர்கள்.

பெயரை வைத்தே பிறப்பைச் சொல்லக்கூடியவை சில உண்டு.

வெறும் '1' என்ற பெயரில் ஒரு ஃபைல்: யாரோ கிரான் (குறித்த நேரத்தில் வேலைகளைத் தானே ஓட்டும் சேவை) வரியில் '2>&1' என்பதற்குப் பதில் '2>1' என்று அடித்திருக்கிறார்கள். சமக்குறியில் தொடங்கி ஒரு வெர்ஷன் எண்: பைத்தான் பேக்கேஜை நிறுவும்போது '>=' குறியை மேற்கோளுக்குள் போடவில்லை. கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல், '>' குறியை வெளியீட்டை ஃபைலுக்கு அனுப்பும் திசைமாற்றக் குறியாக எடுத்து ஃபைலை உண்டாக்கிவிட்டது. 'எஃப்எஸ்சிகே' என்று தொடங்கி 'ரெக்' என்று முடியும் ஃபைல் பென் டிரைவில் இருந்தால், பழுது பார்த்தபோது அனாதையாகக் கிடந்த துண்டுகளைச் சேர்த்து வைத்தது. 'லாஸ்ட்+ஃபவுண்ட்' உள்ளே '#' போட்டு எண்ணோடு இருப்பவையும் அப்படித்தான். தொலைந்துபோன கணக்கு அதற்குள் இருக்கலாம், 'ஃபைல்' கட்டளையால் ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

இவற்றில் எதுவும் இல்லையென்றால் சேஞ்ச் நேரத்தைக் கையில் எடுங்கள். 'கிரான்டாப் -எல்', '/இடிசி/கிரான்.டி', 'சிஸ்டம்சிடிஎல் லிஸ்ட்-டைமர்ஸ்' மூன்றிலும் அந்த நேரத்துக்கு ஏதாவது ஓடுகிறதா என்று பாருங்கள். திரும்பத் திரும்ப முளைக்கிறது, ஆள் பிடிபடவில்லை என்றால் நடப்பதைப் பதிவு செய்யும் 'ஆடிட்டி' சர்வீஸை நிறுவி, 'ஆடிட்சிடிஎல் -டபிள்யூ' கொடுத்து அந்த ஃபோல்டருக்குக் காவல் போடுங்கள். அடுத்த முறை எழுதும்போது எந்தப் ப்ரோக்ராம், எந்த யூசர் என்று 'ஏயூசர்ச்' காட்டிவிடும்.

7. பெயரே பிரச்சினை என்றால்

நம் ஆபீஸ்களில் அதிகம் தலைவலி தருவது இதுதான். ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இரண்டு ஃபைல்கள். கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது. ஒன்றைத் திறந்தால் இந்த மாதக் கணக்கு, மற்றதில் போன மாதக் கணக்கு.

லினக்ஸுக்குப் பெயர் என்பது பைட்டுகளின் வரிசை, திரையில் தெரியும் உருவம் அல்ல. அந்த வரிசையைப் பார்க்க 'எல்சி_ஆல்=சி எல்எஸ் -பி' அடியுங்கள் ('எல்சி_ஆல்', 'சி' இரண்டும் பெரிய எழுத்து, '-பி' பைட்டின் 'பி'). தமிழ் எழுத்தெல்லாம் ஆக்டல் எண்ணாக விரியும்.

'கொள்முதல்' என்று இரண்டு ஃபைல்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் தொடக்கம் இப்படி வரும்:

\340\256\225\340\257\212

மற்றதன் தொடக்கம்:

\340\256\225\340\257\206\340\256\276

முதல் மூன்று எண்கள் இரண்டிலும் 'க'. முதல் ஃபைலில் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் சேர்ந்து ஒரே குறியீடாக இருக்கிறது. இரண்டாவதில் கொம்பு தனி, கால் தனி. கொ, கோ, கௌ வரிசை எழுத்துகள் எல்லாவற்றிலும் இது நடக்கும். தட்டச்சு மென்பொருள் வேறாக இருந்தாலோ, பழைய மேக் டிஸ்க்கிலிருந்து காப்பி செய்திருந்தாலோ பிரித்த வடிவம் வந்து சேரும்.

நடுவில் \342\200\214 அல்லது \342\200\215 தெரிந்தால், கண்ணுக்குத் தெரியாத அகலமற்ற எழுத்து நுழைந்திருக்கிறது. \302\240 என்றால் உடையா இடைவெளி. இணையப் பக்கத்திலிருந்து பெயரை ஒட்டும்போது இது வரும். பெயரின் கடைசியில் பின்சாய்வுக் கோட்டோடு 'ஆர்' எழுத்து இருந்தால் விண்டோஸ் நோட்பேடில் திருத்திய ஸ்கிரிப்ட்தான் காரணம். ஒவ்வொரு வரியின் முடிவிலும் மிச்சமாகும் எழுத்து ஃபைல் பெயரோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அந்த ஸ்கிரிப்டை 'டாஸ்2யூனிக்ஸ்' வழியாகச் சுத்தம் செய்யாவிட்டால் நாளைக்கும் வரும்.

இரண்டில் ஒன்றை அழிக்கும் முன் 'சிஎம்பி' கட்டளையால் உள்ளடக்கம் ஒன்றா என்று பார்த்தே ஆக வேண்டும். வேறுபட்டால் இரண்டையும் வைத்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறவரைக் கூப்பிடுங்கள். எது சரி என்று சிஸ்டம் பார்ப்பவர் தீர்மானிக்கக் கூடாது.

பெயரைத் தட்டிக் கையாள்வதற்குப் பதில் ஐநோட் எண்ணைப் பிடியுங்கள்:

ஃபைண்ட் . -மேக்ஸ்டெப்த் 1 -ஐநம் 1310745 -எக்ஸெக் எம்வி -ஐ {} ./கொள்முதல்-பழையது \;

இந்த வழியில் பெயர் எப்படி இருந்தாலும் கவலை இல்லை. எண்ணை மட்டும் உங்கள் தாளில் உள்ளதாக மாற்றுங்கள். 'எம்வி' கட்டளையின் '-ஐ', அதே புதுப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருந்தால் கேட்காமல் மேலெழுதாமல் தடுக்கும். ஒரு எச்சரிக்கை: 'ஃபைண்ட்' கட்டளையில் '-டிலீட்' பயன்படுத்தினால் அது எப்போதும் வரியின் கடைசியில்தான் வர வேண்டும். '-ஐநம்' கட்டுப்பாட்டுக்கு முன்னால் அதை எழுதினால், எண்ணைப் பார்க்கும் முன்பே ஃபோல்டரில் உள்ள அத்தனையும் போய்விடும்.

ஃபோல்டர் முழுக்க இந்தக் கலப்பு இருந்தால், பெயர்களின் குறியீட்டை மாற்றும் 'கான்வ்எம்வி' இருக்கிறது. 'கான்வ்எம்வி -எஃப் யுடிஎஃப்8 -டி யுடிஎஃப்8 --என்எஃப்சி -ஆர் .' என்று கொடுத்தால் ('-டி' இங்கே 'டேபிள்' என்பதன் முதல் எழுத்து) எதையெல்லாம் மாற்றும் என்று காட்டும், மாற்றாது. பட்டியலை நிதானமாகப் படித்த பிறகு '--நோடெஸ்ட்' சேர்த்து ஓட்டுங்கள். ஆனால் 'கௌரி' என்பதைக் கொம்பு போட்டு 'ள' தட்டி 'கெளரி' என்று வைத்திருந்தால் இந்தக் கருவி தொடாது. அது உண்மையிலேயே வேறு எழுத்து, கையால்தான் திருத்த வேண்டும்.

கோட்டில் தொடங்கும் பெயர் எளிது. '-ஐ' என்ற பெயருள்ள ஃபைலைக் கட்டளை தன் ஆப்ஷனாக எடுத்துக்கொள்வதுதான் சிக்கல். பெயருக்கு முன் './' சேர்த்தால் தீர்ந்தது.

8. அழிய மறுத்தால்

ஃபைலை அழிக்க வேண்டிய அனுமதி ஃபைலில் இல்லை, அது இருக்கும் ஃபோல்டரில் இருக்கிறது. புதியவர்கள் ஃபைலுக்கு 777 கொடுத்துவிட்டு ஏன் அழியவில்லை என்று முழிப்பார்கள். 'எல்எஸ் -எல்டி' (டைரக்டரியின் 'டி') போட்டு ஃபோல்டரைப் பாருங்கள். பத்து எழுத்துத் தொகுதியின் கடைசி எழுத்து 'டி' ('டேபிள்' என்பதன் முதல் எழுத்து) என்றால் ஃபைலின் சொந்தக்காரர், ஃபோல்டரின் சொந்தக்காரர், ரூட் தவிர மற்றவர் அழிக்க முடியாது.

ரூட்டாலும் முடியவில்லை என்றால், ஃபைலின் சிறப்புக் குறிகளைக் காட்டும் 'எல்எஸ்அட்டர்' போடுங்கள். 'ஐ' தெரிந்தால் யாரோ பூட்டியிருக்கிறார்கள். 'சிஎச்அட்டர் -ஐ' அதை எடுத்துவிடும். எடுக்கும் முன், பூட்டியது யார் என்று கேளுங்கள். முன்பு வேலை பார்த்தவர் காரணத்தோடு செய்திருக்கலாம். யாரும் செய்யவில்லை என்றால் அது நல்ல அறிகுறி இல்லை.

'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்று வந்தால் ஃபைலை விட்டுவிட்டு, கர்னலின் செய்திகளைக் காட்டும் 'டிமெஸ்க்' படியுங்கள். பிழை கண்டதும் கர்னலே எழுதுவதை நிறுத்தியிருக்கும், டிஸ்க் சாகப் போகிறதோ என்னவோ. முதல் வேலை பேக்கப். ஃபைல் சிஸ்டத்தைப் பழுது பார்க்கும் 'எஃப்எஸ்சிகே' அதற்கப்புறம், அதுவும் மவுண்டைக் கழற்றிவிட்டு. மவுண்ட் ஆனபடியே ஓட்டினால் இருப்பதும் கெடும்.

9. வில்லங்கம் என்று பட்டால்

'/டிஎம்பி' அல்லது '/டெவ்/எஸ்எச்எம்' உள்ளே ஓடக்கூடிய ப்ரோக்ராம், புள்ளியில் தொடங்கும் பெயர், சிபியூ நூறு சதவீதம். இவை சேர்ந்து வந்தால் ஆராய்ச்சியை நிறுத்தி லேன் கேபிளைப் பிடுங்குங்கள். பவரை அணைக்காதீர்கள், மெமரியில் இருப்பது போய்விடும். கிளியரிங் ஆபீஸ் என்றால் மெஷினில் சொருகியிருக்கும் டிஜிட்டல் சிக்னேச்சர் டோக்கனையும் கழற்றுங்கள்.

அதை ஓட்டிப் பார்க்கக் கூடாது. அதற்குத் தேவையான லைப்ரரிகளைக் காட்டும் 'எல்டிடி' போட்டுப் பார்ப்பதும் கூடாது, சில சூழ்நிலைகளில் அந்தக் கட்டளையே ப்ரோக்ராமை ஓட்டிவிடும். ஃபைலின் கைரேகை மாதிரியான 'ஷா256சம்' எண்ணை எடுத்துக் குறியுங்கள். ஓடும் ப்ராசஸின் மூலத்தை '/ப்ராக்' உள்ளே அதன் எண்ணுள்ள ஃபோல்டரில் 'எக்ஸி' என்ற இணைப்பிலிருந்து காப்பி எடுக்கலாம். டிஸ்க்கில் அழித்திருந்தாலும் அங்கே கிடைக்கும்.

மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவின்படி, குறிப்பிட்ட வகைச் சைபர் சம்பவங்களை நிறுவனங்கள் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் அவர்களுக்குத் தெரிவிக்க வேண்டும். பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு உடனே போன் போடுங்கள். முதலாளியிடம் மறைக்காதீர்கள்.

10. ஒதுக்கி வையுங்கள், பிறகு அழியுங்கள்

எல்லாம் பார்த்த பிறகும் தேவையில்லாதது என்று பட்டால், அதே பார்ட்டிஷனில் ஒரு ஒதுக்கு ஃபோல்டர் போட்டு 'எம்வி -ஐ' செய்யுங்கள். அதே பார்ட்டிஷன் என்றால் பெயர் மட்டும்தான் மாறும். ஐநோட், மாடிஃபை நேரம், உரிமையாளர் எல்லாம் அப்படியே இருக்கும், திருப்பி வைப்பதும் ஒரு நொடி வேலை. வேறு டிஸ்க்குக்கு நகர்த்தினால் காப்பி எடுத்து அழிப்பதாகிவிடும். இடம் இல்லாத சமயத்தில் பாதியில் நிற்கும்.

பழைய பாதை, தேதி, ஐநோட் மூன்றையும் ஒதுக்கு ஃபோல்டரிலேயே ஒரு சின்னக் குறிப்பு ஃபைலில் எழுதி வையுங்கள்.

எவ்வளவு நாள் காத்திருப்பது? கணக்கு சம்பந்தப்பட்ட ஃபோல்டர் என்றால் ஒரு முழு மாதச் சுற்று. 11-ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 20-ஆம் தேதி 3பி, மாதக் கடைசி பேக்கப் மூன்றும் அந்த ஃபைல் இல்லாமல் ஓடி முடிய வேண்டும். மாதம் ஒரு முறை மட்டும் தேடப்படும் ஃபைல் என்றால் அதற்குள் யாராவது கூப்பிட்டுக் கேட்டுவிடுவார்கள்.

யாரும் கேட்கவில்லை என்றால் 'ஆர்எம் -ஐ'. அதோடு 6-ஆம் பகுதியில் கண்டுபிடித்த கிரான் வரியையோ ஸ்கிரிப்டையோ திருத்தி, ஒரு முறை கையால் ஓட்டி, ஃபைல் மறுபடி முளைக்கவில்லை என்று 'எல்எஸ் -எல்ஏஐ' போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.